கேள்விக்கு வெளியே பேசியவர்

போனில் ஹெட்செட் சொருகும் ஓட்டையை எடுத்துவிட்டார்கள். எடுத்துவிட்டு, அதைப் பற்றி ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுவர ஆள் அனுப்பினார்கள். எடுப்பதற்கு முன்னால் கேட்டிருக்கலாமே என்று யாரும் கேட்கக் கூடாது. பெரிய கம்பெனிகளின் நியாயம் அப்படித்தான். முதலில் மூக்கை அறுப்பார்கள், அப்புறம் மூச்சு விட வசதியாக இருக்கிறதா என்று கருத்துக் கேட்பார்கள்.

அந்தக் கருத்துக் கேட்கும் வேலையை எடுத்துச் செய்த ஆபீஸில்தான் காதம்மா பதினோரு வருஷமாக இருந்தாள். காதம்மா என்பது ஆபீஸ் வைத்த பெயர். வெளியே சுற்றுகிறவர்கள் பன்னிரண்டு பேர், புதுப் போன் வாங்கியவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். மேசைமேல் ரெக்கார்டரை வைத்துக் கேள்வி கேட்டுப் பதிவு செய்வார்கள். அந்தப் பதிவுகள் மூன்றாவது மாடியில், ஜன்னலே இல்லாத ஓர் அறைக்கு வரும். அங்கே எட்டு மேசைகள், கதவோரத்து மேசை இவளுடையது. போனவர் நிஜமாகவே ஒரு வீட்டுக்குப் போனாரா, கேள்விகளை வரிசையாகக் கேட்டாரா, வந்த பதில் கணக்கில் சேருமா என்று கேட்டுச் சொல்வது இவள் வேலை. ஒருமுறை ஒரு மகானுபாவர் தன் மனைவியையே ஆறு வாடிக்கையாளர்களாகப் பேசவைத்துக் கொண்டுவந்தார். குரலை நன்றாகத்தான் மாற்றியிருந்தாள் அந்த அம்மாள். ஆனால் ஆறு வீட்டிலும் பின்னால் ஒரே குழாய் ஒரே தாளத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இவள் காதம்மா. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

கேட்டு முடித்ததும் ஒரு குறி போட வேண்டும். ஒன்று என்றால் திருப்தி. இரண்டு, பழகிக்கொண்டார். மூன்று, அதிருப்தி. ஒன்பது, கேள்விக்கு வெளியே. நாலிலிருந்து எட்டு வரை எங்கே போயிற்று என்று கேட்டால் மேனேஜருக்கே தெரியாது. பேசுகிறவர் இரண்டு நிமிஷத்துக்கு மேல் போனை விட்டுவிட்டுச் சொந்தக் கதைக்குள் புகுந்துவிட்டால் ஒன்பது. ஒன்பது போட்டால் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். அப்படி ஒதுக்கிய பதிவுகளை வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெஷின் தானாகவே அழித்துவிடும். ஊரார் வீட்டுக் கதையை ஆபீஸில் சேர்த்து வைக்கக் கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம்தான்.

ஒரு நாளைக்கு அறுபது பதிவு. உள்ளது உள்ளபடி உட்கார்ந்து கேட்டால் இருபதுகூடத் தேறாது. அதனால் எட்டு மேசையிலும் இரட்டை வேகத்தில்தான் கேட்டார்கள். பெயரும் முகவரியும் வரும் முதல் ஒன்றரை நிமிஷத்தை மெஷின் மறைத்துவிடும், ஒரு எண்தான் வரும். இரட்டை வேகத்தில் மனிதர்கள் எல்லாரும் ஒரே ஜாதி. கிழவரும் குமரியும் ஒன்றுபோலக் கீச்சுக் குரலில், எங்கோ ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் மாதிரி பேசுவார்கள்.

வேடிக்கைக்குப் பஞ்சமில்லை. லாரி ஓட்டுகிற ஒருவர், "ஓட்டை இருந்தப்ப அதுல தூசி அடைஞ்சுது. இப்ப தூசிக்கும் போக்கிடம் இல்ல, எனக்கும் பாட்டு இல்ல" என்றார். பஸ்ஸில் வேலைக்குப் போகும் ஒரு பெண், "வயர் தொங்கினா நான் பாட்டுக் கேக்கறேன்னு தெரியும், எவனும் பேச்சுக் குடுக்க மாட்டான். இப்ப காதுக்குள்ள என்ன இருக்குன்னே தெரியறதில்ல, பக்கத்துல வந்து உக்காந்து கதை அளக்கறாங்க" என்றாள். ஒரு கணக்கு வாத்தியார், சார்ஜ் போட்டுக்கொண்டே பாட்டுக் கேட்க இரண்டு துவாரம் வேண்டாமா, மனுஷனுக்கு மூக்கில் ஏன் இரண்டு இருக்கிறது என்று கம்பெனிக்காரன் யோசித்தானா என்று ஏழு நிமிஷம் பாடம் எடுத்தார். மூன்று போட்டுவிட்டுக் காதம்மா சிரித்தாள்.

ஆனால் பெரும்பாலானவர்கள் சொன்னது ஒன்றேதான். "மொதல்ல கஷ்டமா இருந்துச்சு. இப்ப பழகிடுச்சு." நூற்றுக்கணக்கான வாய்களில் இதையே கேட்டாள். பழகிவிட்டது என்றால் அது திருப்தியா, தோற்றுப்போனதா? ஆபீஸில் அது இரண்டு. அறிக்கையில் ஒன்றையும் இரண்டையும் கூட்டி எழுதிக்கொள்வார்கள்.

காதம்மாவின் அப்பா முப்பத்தொரு வருஷம் செய்தித்தாள் அச்சடிக்கும் பெரிய மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவர். வலது காது முழுசாகப் போயிற்று. இடது காதில் ஏதோ கொஞ்சம் மிச்சம். அதனால் இவள் சிறுமியாக இருந்தபோதிலிருந்தே அவருக்கு இடப்பக்கம்தான் நடப்பாள். கடைக்காரன் விலை சொன்னால், டாக்டர் மருந்து சொன்னால், இவள் எக்கி அந்தக் காதில் திருப்பிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் இவளைப் பற்றி நாலு நிமிஷம் குறை சொன்னபோதும் மொழிபெயர்ப்பு இவளுடையதுதான். "நல்லா படிக்கறேனாம்ப்பா" என்றாள். அவர் டீச்சரின் முகத்தையும் இவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இதைச் சொல்லவா இவ்வளவு நேரம்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். வருஷக்கணக்காக மெஷின் சத்தத்தில் நின்றவர், வாயசைவைப் படிப்பதில் கில்லாடி. டீச்சர் சொன்னது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

அம்மா போனபிறகு அவர் தனியாக இருந்தார். நகரத்தின் இந்தக் கோடியில் மகள், அந்தக் கோடியில் அவர், நடுவில் இரண்டு பஸ். காதுக்குள் வைக்கும் மெஷின் வாங்கிக் கொடுத்தாள். அது விசிலடித்தது. "காதுக்குள்ள போலீஸ்காரன் உக்காந்திருக்கான்" என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். ஒருநாள் பேரன் விளையாட்டுக்கு வைத்திருந்த பெரிய ஹெட்செட்டை, காதையே மூடுகிற கிண்ணம் போன்றது, தமாஷாக மாட்டிக்கொண்டார். அதன் வயரைத் தன் பழைய போனில் சொருகினார். அடுத்த அறையிலிருந்து இவள் போனில் கூப்பிட்டாள். சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்திருந்தார். அவர் அப்படியே நின்றுவிட்டதைக் கதவிடுக்கில் பார்த்தாள்.

"ஏம்மா, உன் குரல் இப்படியா இருக்கும்?" என்றார். "உங்கம்மா குரல் மாதிரியே ஆயிருக்கே."

அன்றிலிருந்து நாலு வருஷம், மதியம் ஒரு மணிக்கு அப்பாவும் மகளும் சேர்ந்து சாப்பிட்டார்கள். இவள் ஆபீஸ் படிக்கட்டில் டப்பாவைத் திறந்துகொண்டு, அவர் அங்கே கிண்ணங்களை மாட்டிக்கொண்டு. பெரிதாக ஒன்றும் பேசிவிட மாட்டார்கள். எதிர் வீட்டு நர்ஸுக்கு எந்த ஷிப்ட், மேனேஜருக்கு எந்தப் பக்கம் மூளை, பேரன் எந்தப் பாடத்தில் கோட்டை விட்டான், இவ்வளவுதான். ஒன்றரைக்கு வைத்துவிடுவார்கள். அந்த அரைமணி நேரம் இல்லாத நாள் அவளுக்கு நாளாகவே இருக்காது.

பழைய போனின் பேட்டரி உப்பிக்கொண்டதில் ஆரம்பித்தது வினை. முதுகுப்பக்கம் பிளந்துகொண்டு நின்றது. கடைக்காரர் கையில் வாங்கவே பயந்தார்.

"பேட்டரிய மட்டும் மாத்திட்டா போதாதா?" என்று கேட்டார் அப்பா.

"இந்தப் போனுக்கு இப்ப பேட்டரியே வர்றதில்லப்பா. வெடிச்சு வெச்சா என்ன பண்றது?"

அவர் பெயரையும் முகவரியையும் கொடுத்துப் புதுப் போன் வாங்கினாள். ஓட்டை எடுத்த அதே போன். தெரியாமல் வாங்கினாள் என்று சொல்ல முடியாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த ஓட்டையைப் பற்றித்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்? அதில்தான் வந்தது கேடு. மூன்று மாதமாகக் காதில் விழுந்ததெல்லாம் பழகிடுச்சு, பழகிடுச்சு. ஊரே பழகிக்கொள்ளும்போது அப்பா மட்டும் பழகாமலா போய்விடுவார்? வேறு யாருக்கும் இந்த நினைப்பு இவ்வளவு உறுதியாக வந்திருக்காது.

பெட்டிக்குள் வயரில்லாத இரண்டு குட்டிக் குமிழ்கள் இருந்தன. அவற்றை அவர் காதில் வைத்துவிட்டு, அறைக்கு எதிர் மூலையில் போய் நின்று போனில் பேசினாள். "கேக்குதாப்பா?"

அவர் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா கேக்குதும்மா."

"பழைய ஹெட்செட்டையே மாட்டணும்னா நடுவுல ஒரு குட்டி வயர் போட்டுக்கலாமாம். அடுத்த வாரம் வாங்கிட்டு வரேன்."

"எதுக்கு வீணா? இதுவே ஜோரா இருக்கு."

மகள் வாங்கிக் கொடுத்த போன். பெட்டியைத் திறக்கும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை அவர் பார்த்துவிட்டார். அதற்குமேல் அந்த மனுஷர் என்ன சொல்வார்? குட்டி வயரை அவளும் மறந்தே போனாள்.

அதன்பிறகு ஒரு மணிப் பேச்சு கோணிக்கொண்டு போயிற்று. "சாப்பிட்டாச்சாப்பா?" என்றால், "ஆமா, காத்து ஜாஸ்திதான்" என்பார். "முட்டிவலி எப்படி இருக்கு?" என்றால், "அவன் கெட்டிக்காரன், தேறிடுவான்" என்பார். குமிழ் சில நாள் காதிலிருந்து விழுந்துவிடும், சில நாள் சார்ஜ் இருக்காது, இருந்தாலும் அவருக்கு அதில் வந்தது இரைச்சல்தான். மகள் வழக்கமாக எதை எதற்குப் பிறகு கேட்பாள் என்று ஊகித்துக்கொண்டே பதில் சொன்னார். காதம்மாவோ அவருக்கு வயசாகிவிட்டது, புத்தி ஒரு இடத்தில் நிற்பதில்லை என்று நினைத்தாள். ஊர்க் குழாய் சொட்டுவதைக் கண்டுபிடித்தவளுக்கு இது தெரியவில்லை. பெற்றவர்கள் விஷயத்தில் யாருக்குத்தான் காது சரியாக இருக்கிறது?

ஒருநாள் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த எரிச்சலில், படிக்கட்டே அதிரக் கத்திவிட்டாள். "கேட்டதுக்குப் பதில் சொல்லுப்பா. பேசறப்பவாவது கவனிச்சுப் பேசேன்."

"சரிம்மா. நான் வெச்சிடறேன்" என்றார்.

மறுநாள் அவள் கூப்பிட்டபோது அவர் எடுக்கவில்லை. கோபம் போலிருக்கிறது, இரண்டு நாளில் ஆறிவிடும் என்று விட்டாள். பிறகு குறுஞ்செய்தி. 'அப்பா, மாத்திரை போட்டீங்களா.' அவரிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வரும். 'இந்த ஞாயிறு வர முடியல.' கட்டைவிரல். 'பசங்களுக்குப் பரீட்சை, அடுத்த மாசம் வரோம்.' அதற்கும் கட்டைவிரல். வீட்டுக்காரருக்கு ராத்திரி வேலை, பிள்ளைகளுக்குப் பரீட்சை, ஆபீஸில் அறிக்கை கொடுக்கும் கெடு. தலைக்குமேல் வெள்ளம் போன சமயம் அது. ஏழு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை.

அறிக்கைக்கு முந்தைய வாரத்துப் புதன்கிழமை, மத்தியானம் மூன்று மணி. நாற்பத்தொன்றாவது பதிவு. யாரோ வயசானவர். மொத்தம் பதின்மூன்று நிமிஷம் என்று திரை காட்டியதுமே காதம்மாவுக்கு அலுப்புத் தட்டியது. கேள்விகள் அவசரமாக முடிந்தன, பாதி அவள் காதில் ஏறவே இல்லை. கிழவர் கீச்சுக் குரலில், மகள் என்கிறார், மகள் சாப்பிட்டாளா என்கிறார், மகள் சின்ன வயதில் எப்படி நடப்பாள் என்கிறார். போனைப் பற்றி உருப்படியாக ஒரு வார்த்தை கிடையாது. சொந்தக் கதை இரண்டு நிமிஷத்தைத் தாண்டியது. காதம்மா நிறுத்தினாள், ஒன்பது போட்டாள். காரணம் எழுதும் கட்டத்தில், 'வயதானவர். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மகளைப் பற்றியே பேசுகிறார்' என்று தட்டினாள். நாற்பத்திரண்டாவதைத் திறந்தாள்.

கதை கேட்கிறவர்களைக் கடைசிவரை இழுத்தடிக்க எனக்கு மனசில்லை. அது அவள் அப்பாதான். பெற்ற அப்பா. பழகாத மனிதர் முன்னால் உரக்கப் பேசுகிற குரலில், இரட்டை வேகத்தில், அவளுக்கு அவரைத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெஷின் தன் வேலையைச் செய்தது.

அதற்குப் பதினேழு நாள் கழித்து அப்பா போய்ச் சேர்ந்தார். மத்தியானம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. எதிர் வீட்டு நர்ஸ்தான் முதலில் பார்த்தாள், பார்த்துவிட்டு இவளுக்குப் போன் செய்தாள். படாமல் கொள்ளாமல் போனார், கொடுத்துவைத்தவர் என்று வந்தவர்கள் சொன்னார்கள். இவளும் தலையாட்டினாள்.

எல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு காதம்மாவுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. அப்பாவின் குரலை ஒரு தரம் கேட்க வேண்டும். வீட்டிலிருந்த போன்களையெல்லாம் துழாவினாள். நிறையப் படங்கள் இருந்தன. ஒரே ஒரு வீடியோ கிடைத்தது, பேரன் கேக் வெட்டுவது. அதில் அப்பா ஓரமாக நின்று சிரிக்கிறார், பேசவில்லை. காது நன்றாகக் கேட்காதவர் கூட்டத்தில் என்ன பேசுவார்? பதினோரு வருஷமாக முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான ஜனங்களின் குரலைக் காசு வாங்கிக்கொண்டு கேட்டவளிடம் அப்பாவின் ஒரு வார்த்தை இல்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

பத்தாம் நாள் வேலைக்குப் போனாள். துக்கம் கேட்க ஒவ்வொருவராக மேசைக்கு வந்தார்கள். வெளியே சுற்றுகிறவர்களில் ஒருவர் வந்தார். அறுபதை நெருங்குகிறவர், முன்பு மருந்துக் கம்பெனியில் இருந்தவர். வெயிலோ மழையோ முழங்கால் வரை பூட்ஸ் போடுவார், அதனால் பெயரே பூட்ஸ் சார். அப்பா படம் இருக்கிறதா என்று கேட்டார். காதம்மா போனை நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இவரை நான் பாத்திருக்கேம்மா. இவர் வீட்டுக்குப் போயிருக்கேன்."

"எங்கப்பா வீட்டுக்கா? எதுக்கு சார்?"

"சர்வேக்குத்தான். பட்டியல்ல இருந்தாரு. என் வாயையே பாத்துப் பாத்துப் பதில் சொன்னாரு. பாதியில, நீங்க எந்த ஆபீஸுன்னு கேட்டாரு. சொன்னேன். மூணாவது மாடியான்னாரு. ஆமான்னேன். 'அங்கதான் என் பொண்ணு இருக்கா. இதெல்லாம் அவதான் கேப்பா. உங்க கேள்வியச் சீக்கிரம் முடிங்க, நான் அவகிட்ட கொஞ்சம் பேசணும்'னாரு."

"என்கிட்ட ஏன் சார் சொல்லல?"

"நான் கெளம்பறப்ப பொண்ணு பேரு சொன்னாரும்மா. அந்தப் பேர்ல இங்க யார் இருக்காங்கன்னு எனக்குத் தெரியலையே. நீங்க எங்களுக்கெல்லாம் காதம்மாதானே?"

அவள் எழுந்து நின்றாள். "என்ன சொன்னாரு?"

பூட்ஸ் சார் யோசித்து யோசித்துச் சொன்னார். "நல்ல போனுதாம்மான்னு ஆரம்பிச்சாரு. அப்புறம் நீங்க சாப்பிட்டீங்களான்னு கேட்டாரு, மெஷினப் பாத்து. சின்னதுல நீங்க அவருக்கு இடப்பக்கமாவே நடப்பீங்கன்னாரு. 'இந்தப் போன்ல உன் குரல் வரலம்மா. நேர்ல சொன்னா உன் முகம் வாடிடும், இதுல சொன்னா கம்பெனியச் சொன்னதாப் போயிடும்'னாரு. இன்னொண்ணும் சொன்னாரு. 'அன்னிக்கு நீ திட்டினது மட்டும் நல்லா கேட்டுச்சு. ரொம்ப நாள் கழிச்சு உன் குரலு'ன்னு சொல்லிச் சிரிச்சாரு."

"அப்புறம்?"

"அப்புறம் நான் வெளிய வந்துட்டேம்மா."

"ஏன் சார்?"

"அப்பா பொண்ணுகிட்ட பேசறப்ப நடுவுல நான் எதுக்கு? ரெக்கார்டர ஓடவிட்டுட்டு மாடிப்படியில போய் நின்னேன். எட்டு நிமிஷம் இருக்கும். கூப்பிட்டாரு, போய் எடுத்துக்கிட்டேன். 'இத அவ எப்ப கேப்பா?'ன்னாரு. ஒரு வாரத்துல கேட்டுடுவாங்க ஐயான்னு சொன்னேன்."

எட்டு நிமிஷம். அதை இந்த உலகத்தில் வேறு யாரும் கேட்டிருக்கவில்லை. அவளுக்கென்றே பேசியது, முழுசாக, அவர் குரலில். காதம்மா செருப்பைக்கூட மாட்டாமல் கீழே மெஷின் அறைக்கு ஓடினாள். வழியில் அவள் வேண்டாத தெய்வமில்லை. மூன்று போட்டிருக்க வேண்டும், ஒன்று போட்டிருக்க வேண்டும், எட்டு மேசையில் யாராவது எதையாவது போட்டிருக்க வேண்டும். ஒன்பது மட்டும் கூடாது.

மெஷின் அறைக்காரர் தேதியையும் பூட்ஸ் சாரின் எண்ணையும் வாங்கித் தேடினார். "இருக்கு. ஆனா ஒம்போது போட்டிருக்கே, பேச்சு வெள்ளிக்கிழமையே அழிஞ்சு போயிருக்கும்" என்றார்.

"திருப்பி எடுக்க முடியாதா?"

"எடுக்கற மாதிரி அழிச்சா அது அழிக்கறதே இல்லையே. சட்டம் ஒத்துக்காது." பிறகு திரையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தார். "இது உங்க மேசையிலதான் போட்டிருக்கு. நீங்கதான் கேட்டிருக்கீங்க."

திரையை அவள் பக்கம் திருப்பினார். அவளுடைய எண்ணும், அவளுடைய வரியும் இருந்தன. அவர் பேசியதில் மிஞ்சியது அந்த ஒரு வரிதான். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மகளைப் பற்றியே பேசுகிறார். கேள்விகள் முடிந்து இரண்டு நிமிஷம் பன்னிரண்டு வினாடியில் நிறுத்தியிருக்கிறாள் என்றும் திரை சொன்னது. அந்தக் குரலைத் தன் காதால் கேட்டிருக்கிறாள். எவ்வளவு முட்டிப் பார்த்தும் அதில் ஒரு எழுத்துகூட ஞாபகத்துக்கு வரவில்லை. வந்ததெல்லாம் கீச்சுச் சத்தம்தான்.

மெஷின் அறைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "தண்ணி குடிக்கறீங்களா?" என்றார்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு பஸ் மாறி அப்பா வீட்டுக்குப் போனாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டு எதிர் வீட்டு நர்ஸ் வெளியே வந்தாள். ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்த முகம். இவளைக் கண்டதும் உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். காதம்மா உட்காரவில்லை.

"எங்கப்பா கடைசியில உங்ககிட்ட ஏதாவது சொன்னாராம்மா? என்னைப் பத்தி?"

நர்ஸ் தயங்கினாள். "உங்களைப் பத்தித்தான் பேச்செல்லாம். யாரோ மெஷினோட வந்துட்டுப் போனாங்களாமே, அன்னிலேருந்து ஐயா ஒரே குஷி. தினம் பன்னெண்டரைக்கே சாப்பாட எடுத்து வெச்சுக்கிட்டு, வாசக்கதவத் தொறந்து போட்டுட்டு உக்காந்துடுவாரு. காத்து வருது, சாத்துங்கன்னு சொல்லுவேன். 'சாத்தினா பொண்ணு வந்து தட்டறது எனக்குக் கேக்காது. அவ கேட்டிருப்பா, இன்னிக்கு வந்துடுவா'ன்னுவாரு."

"எத்தனை நாள்?"

"கடைசி நாள் வரைக்கும்க்கா. அன்னிக்கும் கதவு தொறந்துதான் இருந்துச்சு, அதான் நான் பாத்தேன்." நர்ஸ் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லலாமான்னு தெரியல. அதுக்கு மொத நாள் நான்தான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, ஒருவேளை உங்க பொண்ணு அதக் கேக்கலையோ என்னமோன்னு சொன்னேன். இல்லவே இல்லன்னுட்டாரு. 'அவ ஒண்ணு விடாம கேக்கறவ. அதுதான் அவ வேலையே. கேட்டுட்டுத்தான் வராம இருக்கா. நான் ஏதோ தப்பாச் சொல்லிட்டேன் போலிருக்கு, மனசுல பட்டுடுச்சு'ன்னாரு. என்ன சொன்னீங்கன்னு கேட்டேன். அதையேதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்னாரு."

காதம்மா திறந்த கதவுக்குள் போனாள். நாற்காலியை யாரோ சுவரோரம் நகர்த்தி வைத்திருந்தார்கள். அதன் முன்னால் போய் நின்றாள்.

"நீ தப்பா ஒண்ணும் சொல்லலப்பா" என்றாள்.

இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். பிறகு கத்தினாள், மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்க்கும்படி, தொண்டை கிழிய, அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நர்ஸ் ஓடி வந்து பிடித்துக்கொண்ட பிறகும் அவள் நிறுத்தவில்லை.